மகளை எழுப்பக் கூடாது என்ற உத்தரவு குறித்து

மதிப்பும் பாசமும் ஒருசேர உரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் மைத்துனன் எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவைத் திறக்கிறேன். அக்காவின் முழங்கால் மாடிப்படிக்கு இப்போதாவது ஒத்துழைக்கிறதா? இங்கு நானும் என் மனைவியும் சௌக்கியம். தங்கள் செல்ல மருமகள் வாலுவும் சௌக்கியம்தான். சௌக்கியத்துக்கு ஒரு குறைவும் இல்லாமல் எதிர் அறையில் தூங்கிக்கொண்டிருக்கிறாள். என் புகாரே அதுதான்.

போனில் நான் புலம்பியபோது, "வாயால சொன்னா ஆகாதுப்பா, எழுத்துல குடு. ஆட்சிக்குழுவுல வச்சு அந்த ஆலோசகர் பதவியையே எடுத்துடலாம்" என்று தாங்கள் சொன்னீர்கள். கல்லூரி ஆட்சிக்குழுவில் தங்களைப் போன்ற ஒருவர் நமக்கு இருக்கும்போது நான் ஏன் வாயை மூடிக்கொண்டு கிடக்க வேண்டும்? ஆகவே இந்தக் கடிதத்தைத் தாங்கள் படித்தால் புகார் மனுவாகவும், அக்கா படித்தால் வீட்டுக் கடிதமாகவும் எடுத்துக்கொள்ளவும். புகார் யார் மேல் என்றால், மாணவர் ஆலோசகர் என்ற பெயரில் கல்லூரி மேல்மாடியில் ஓர் அறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாள் மேல். இன்று காலை வாலுவுக்கு வேதியியல் செய்முறைத் தேர்வு. அதுவும் மறுதேர்வு. இதை விட்டால் ஒரு வருடம் போச்சு. அவளோ தூங்குகிறாள். அவளை எழுப்பக் கூடாது என்று எனக்கு உத்தரவு. பெற்ற அப்பனுக்கு, அவன் சொந்த வீட்டில், அவன் சொந்த மகளை எழுப்பத் தடை உத்தரவு போட ஒரு கல்லூரிக்கு அதிகாரம் உண்டா என்பதைத் தாங்கள்தான் விசாரித்துச் சொல்ல வேண்டும்.

நான் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தால் அக்கா அழுதுவிடுவாள். வாலுவின் அறைக்கு நேர் எதிரே, கூடத்தில், சாய்வு இல்லாத நாற்காலியில். விடிவதற்கு முன்பே வந்து உட்கார்ந்தவன், ஒரு கணம்கூடக் கண்ணை மூடவில்லை. அறைக்கதவு ஒருக்களித்து இருக்கிறது. இடைவெளி வழியாகக் கட்டிலில் பாதி தெரிகிறது. தலைவரை இழுத்துப் போர்த்திய போர்வையும் அதற்குள் அவளும். நிலைப்படியைத் தாண்டி உள்ளே போக மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். என் வாக்கை நம்பாமல் என் மனைவி நேற்றே என் கைக்கடிகாரத்தையும் மேசைக் கடிகாரத்தையும் தன் கைப்பையில் போட்டுக்கொண்டுவிட்டாள். காலையில் அவள் வேலைக்குப் போகும்போது சொல்லிக்கொண்டுகூடப் போகவில்லை. எப்போது போனாள் என்றே எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் இது புதுப் பழக்கம். பேனாவை எடுக்கக் குனிந்தபோதுதான் கவனித்தேன், என் மடியில் ஒரு போர்வை கிடக்கிறது. இதுவும் அவள் போட்டதாகத்தான் இருக்கும். இதுவும் புதுப் பழக்கம்தான். ஜன்னல் வழியாக வெயில் வந்து தரையில் நீளமாகப் படுத்திருக்கிறது. சூரியன் இன்றைக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் முந்திக்கொண்டதுபோல் எனக்குத் தோன்றுகிறது. அதைக் கேட்பார் யார்?

கடிகாரம் இல்லாவிட்டால் என்ன மாமா, நான் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். தெருவில் போகும் பஸ்ஸின் சத்தத்தை வைத்தே நேரம் சொல்லிவிடுவேன். இப்போது போனது இருமுகிற பஸ். அது காலையின் முதல் பஸ். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பஸ், பிறகு கண்ணாடி கடகடக்கும் பஸ். அதற்கடுத்ததுதான் கல்லூரிக்கு நேரத்தில் போய்ச் சேரக்கூடிய கடைசி பஸ். அது வருவதற்குள் அவள் எழுந்து, குளித்து, வெள்ளைக் கோட்டைத் தேடி எடுத்து, வாசலுக்கு வர வேண்டும். வெள்ளைக் கோட்டு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியுமா என்பதே சந்தேகம். ஆணியில் காணோம்.

விஷயத்தை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். பஸ் நிலையத்தில் என் வேலை என்ன என்று தங்களுக்குத் தெரியும். ஒரு விசில் ஊதினால் பஸ் நிற்கும், இரண்டு ஊதினால் கிளம்பும். பெரிய பெரிய வண்டிகள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஓய்வு பெற்ற மறுநாள் காலை, பழக்கதோஷத்தில் எழுந்து போய் எதிர்ச்சாரியில் நின்று பார்த்தேன். யாரும் விசில் ஊதவில்லை. பஸ்கள் எல்லாம் நேரத்துக்குக் கிளம்பிப் போய்க்கொண்டுதான் இருந்தன. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்தேன். வீட்டில் நேரத்துக்கு அனுப்ப வேண்டியவள் ஒருத்தி இருந்தாள்.

அன்று தொடங்கிய ஏற்பாடுதான். விடிவதற்கு நெடுநேரம் முன்பே அவள் கதவருகே ஒரு விசில், எழுந்திருக்க வேண்டும். சிறிது பொறுத்து இரண்டு விசில். முகம் கழுவ வேண்டும். பிறகு நீளமாக ஒன்று; புத்தகத்தோடு உட்கார வேண்டும். குழந்தை ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. கண்ணைத் திறக்காமலேயே நடந்து வந்து, கண்ணைத் திறக்காமலேயே பல் விளக்கி, மேசை முன் வந்து உட்கார்ந்துவிடுவாள். நான் பின்னால் நடந்துகொண்டே இருப்பேன், அவள் தலை சாய்ந்தால் லேசாகத் தொண்டையைச் செருமுவேன். ஒழுங்கு என்றால் இதுதான் ஒழுங்கு என்று பக்கத்து வீட்டுக்காரரே சொன்னார். சொன்ன கையோடு அவர் வீட்டை மாற்றிக்கொண்டு போனது வேறு விஷயம்.

இப்படி வண்டி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. 'தங்கள் மகள் தொடர்பாக மாணவர் ஆலோசகரை வந்து பார்க்கவும்.' எனக்குக் கை கால் ஓடவில்லை. மாமா, நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் உண்டு, அவருக்கு மேல் தலைமை வாத்தியார் உண்டு. அடிக்க ஒருவர், அடித்தது போதாது என்று சொல்ல ஒருவர். நடுவில் இந்த ஆலோசகர் என்ன உத்தியோகம் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. விசாரித்ததில், எந்தப் பாடத்தை எடுக்கலாம், எதை விடலாம், வருகை ஏன் குறைந்தது, மார்க் ஏன் இறங்கியது என்றெல்லாம் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்பதற்கென்றே ஒருவரைப் போட்டிருக்கிறார்களாம். அடிக்க வேண்டியதைக் கேட்பதற்கு ஒரு சம்பளமா என்று நினைத்தேன். என் மனைவியிடம் சொன்னேன், இது காதல் விவகாரமாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் பெண்ணைப் பற்றி அப்பனைக் கூப்பிட மாட்டார்கள் என்று. வழி நெடுக ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டு போனேன். 'அம்மா, நாங்கள் மானம் மரியாதையோடு வாழ்கிற குடும்பம்' என்று தொடங்கும்.

அறை மேல்மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே. வெளியே வராந்தாவில் பிள்ளைகள் சுவரில் சாய்ந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் கொட்டாவி விட, அது அடுத்தவளுக்குத் தொற்றி, அப்படியே வரிசை முழுக்கப் போய், கடைசியில் என்னிடம் வந்தது. உள்ளே போனேன். மேலே தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம், வெளியே மர உச்சி மெல்ல ஆடுகிறது, மின்விசிறி அவசரமே இல்லாமல் சுற்றுகிறது. சுவரோரமாக ஒரு பழுப்பு நிறச் சோபா. பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆட்சிக்குழு அறையிலிருந்து தங்கள் உத்தரவின் பேரில் வெளியேற்றப்பட்ட அதே சோபா. வரவு செலவுக் கணக்கு வாசிக்கும்போது அதில் உட்கார்ந்து உறுப்பினர்கள் தூங்கினார்கள், ஒருவர் குறட்டையும் விட்டார் என்பதால்தானே வெளியேற்றினீர்கள்? குறட்டை விட்டவர் யார் என்று அக்கா எனக்குச் சொல்லியிருக்கிறாள். எழுத்தில் வேண்டாம்.

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "முதல்ல உக்காருங்க. இந்தத் தாளை மட்டும் முடிச்சுடறேன்" என்று சொல்லிவிட்டு, முதுகைக் காட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பி எழுத ஆரம்பித்துவிட்டார். நான் உட்கார்ந்தேன். 'அம்மா, நாங்கள் மானம் மரியாதையோடு' என்று மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அவ்வளவுதான் தெரியும். அதற்குப் பிறகு பஸ் நிலையம். ஆனால் சத்தமே இல்லை. பஸ்கள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மிதந்து வந்து நிற்கின்றன. பயணிகள் எல்லாரும் கையில் தலையணையோடு ஏறுகிறார்கள். ஒருவர்கூட முண்டியடிக்கவில்லை. என் வாயில் விசில் இருக்கிறது, ஊதினால் காற்று மட்டும் வருகிறது. ஆனாலும் ஒவ்வொரு பஸ்ஸாக, எனக்குத் தலையசைத்துவிட்டு, மெல்லக் கிளம்பிப் போகிறது. எனக்குப் பதற்றமே இல்லை. 'போய்ட்டு வாங்க, போய்ட்டு வாங்க' என்று சொல்லிக்கொண்டு நிற்கிறேன்.

கண் விழித்தபோது சுவரில் வெயில் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் போயிருந்தது. நேரத்தையே பிழைப்பாக வைத்திருந்தவன் நான், எத்தனை நேரம் தூங்கினேன் என்று சொல்லத் தெரியவில்லை. அந்த அம்மாள் இன்னும் சுவரைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டிருந்தார். "நல்லாத் தூங்கினீங்களா?" என்று திரும்பாமலேயே கேட்டார். கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்ததாகச் சொல்லிவிட்டு, வெட்கத்தில் வந்த விஷயத்தைக் கேட்காமலேயே கீழே இறங்கிவிட்டேன். வீட்டில் மனைவி என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். ரொம்ப நல்லபடியாகப் பேசினார்கள் என்று சொன்னேன்.

மறுபடி அழைப்பு வந்தது. இந்த முறை துணைக்கு மனைவியையும் அழைத்துக்கொண்டு போனேன். ஒருவர் அசந்தால் மற்றவர் இடிப்பது என்று படியேறும்போதே பேசி வைத்துக்கொண்டோம். உட்கார்ந்ததும் முதலில் அசந்தது அவள்தான். என் தோளில் சாய்ந்துவிட்டாள் மாமா. கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிச் சாய்ந்ததில்லை. இடிக்கலாம் என்று முழங்கையைத் தூக்கினேன், தூக்கின கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. அவள் முகத்தை அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு சும்மா இருக்கும்போது, நான் பார்த்தே பல வருடமாகியிருந்தது. நடுவில் ஒரு பையன் கதவைத் திறந்து, எங்களைப் பார்த்துவிட்டு, "சாரி" என்று முணுமுணுத்துக் கதவை மெல்லச் சாத்தினான். பிறகு நானும் எங்கேயோ போய்விட்டேன். திரும்பி வரும் வழியில் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அவள் கொஞ்சம் சிரித்த முகமாக வந்தாள் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இருங்கள். இதோ எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பஸ் போய்விட்டது. அதில் பிள்ளைகளே இல்லை, யாரோ காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். இன்று பள்ளி விடுமுறை போலிருக்கிறது. வாலு அசையவே இல்லை. வழக்கமாகப் புரண்டு புரண்டு படுப்பவள், இன்றைக்கு ஒரு சுருக்கம்கூடக் கலையவில்லை. அந்தச் சோபா பழக்கிவிட்ட பழக்கம்.

மூன்றாவது முறை, உட்காரவே மாட்டேன் என்று முடிவு செய்துகொண்டு போனேன். அலமாரிப் பக்கமாக நின்றுகொண்டே நேராகக் கேட்டேன்: "என் பொண்ணு இங்க அடிக்கடி வர்றாளாமே, யாரையாவது காதலிக்கிறாளா?" அந்த அம்மாள் பேனாவை வைத்துவிட்டு முதல்முறையாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "இல்லை சார். இங்க தூங்க வர்றா" என்றார்.

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. செய்முறைத் தேர்வில் ஒரு கண்ணாடிக் குழாயிலிருந்து திரவத்தைச் சொட்டுச் சொட்டாகக் குடுவையில் விட வேண்டுமாம். எந்தச் சொட்டில் நிறம் மாறுகிறதோ அந்தச் சொட்டில் நிறுத்த வேண்டுமாம். வாலு நின்றபடியே குடுவையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பார்த்துக்கொண்டே தூங்கிவிட்டாள். நிறம் மாறியது, குடுவை நிரம்பியது, மேசை நனைந்தது, பக்கத்துப் பெண்ணின் செருப்பும் நனைந்தது, இவள் மட்டும் நின்றுகொண்டே இருந்தாளாம், கண்ணைத் திறந்தபடி. துறைத் தலைவர் பூஜ்யம் போட்டுவிட்டார். திமிர் என்று எழுதியும் வைத்துவிட்டார். இந்த அம்மாள் அவளுடைய எல்லா மார்க்கையும் எடுத்துப் பார்த்திருக்கிறார். காலையில் எழுதிய தேர்வெல்லாம் பாதாளம், மத்தியானம் எழுதியதெல்லாம் உச்சம். ஒரே மூளை, ஒரே புத்தகம், இது எப்படி என்று அவளைக் கூப்பிட்டுச் சோபாவில் உட்காரவைத்து, காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய் என்று கேட்டிருக்கிறார். பதில் சொல்வதற்குள் அவள் தூங்கிவிட்டாளாம். அதுவே பதில் என்று எடுத்துக்கொண்டு, அன்றிலிருந்து மத்தியான இடைவேளையில் வந்து படுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். ஆலோசனை என்ற பெயரில் என் மகள் மாதக்கணக்காக அந்தச் சோபாவில் தூங்கியிருக்கிறாள். வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒவ்வொரு விசிலுக்குத் தப்பி வந்தவர்கள்தானாம். தூங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர்களுக்குத் தூக்கம் வராது, அதனால்தான் சுவரைப் பார்த்து உட்காருகிறேன் என்று வேறு சொன்னார்.

இதற்குமேல் கேளுங்கள் மாமா. துறைத் தலைவர் விட்டுக்கொடுக்க மறுத்திருக்கிறார், இந்த அம்மாள்தான் அவர் அறைக்கும் பிரின்சிபால் அறைக்கும் மாறி மாறி நடந்து, சண்டை போட்டு, மறுதேர்வு வாங்கியிருக்கிறார். காலையில்தான் வைப்பேன் என்று அவர் நிபந்தனை. சரி என்று ஒப்புக்கொண்டு வந்து எனக்கு ஒரு நிபந்தனை போட்டார். தேர்வு முடியும்வரை வாலுவை யாரும் எழுப்பக் கூடாது. "அவளே எழுந்திருக்கணும், அவளே பஸ் பிடிக்கணும், அவளே வரணும் சார்." எழுந்திருக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவள் எழுந்திருப்பாள் என்று தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பதாகவும், வராவிட்டால் தன் வேலைக்கே ஆபத்து என்றும் சர்வ சாதாரணமாகச் சொன்னார்.  ஒரு மூன்றாம் மனுஷி என் மகள் தூக்கத்தை நம்பித் தன் பிழைப்பை அடகு வைக்கிறாள் என்றால், அது பொறுப்பா, பைத்தியமா? கடைசியில் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், நீங்க தூங்கி எத்தனை வருஷமாச்சு?"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நீங்கள் பிள்ளைக்கு ஆலோசகரா, அப்பனுக்கு ஆலோசகரா என்று கேட்க வாயைத் திறந்தேன். மேலே தொட்டியில் தண்ணீர் விழ ஆரம்பித்தது. அலமாரியில் சாய்ந்து நின்றபடியே நான் தூங்கிவிட்டேன் என்று பிறகு அவர்தான் சொன்னார்.

அன்றிலிருந்து விசில் என் சட்டைப் பையில்தான் கிடக்கிறது. முதல் நாள் வாலு மத்தியானம்வரை தூங்கினாள். நான் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்து கால் வீங்கியது. அடுத்த நாள் கொஞ்சம் முன்னதாக எழுந்தாள். அப்படியே ஒவ்வொரு நாளும் முன்னால் வந்து, நேற்றைக்கு வெயில் ஏறுவதற்கு முன்பே தானாக எழுந்து, குளியலறையில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் பாடி நான் கேட்டது அவள் சின்னக் குழந்தையாக இருந்தபோது. கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.  ஆனால் ஒரு நாள் நேரத்துக்கு வந்த பஸ் மறுநாளும் நேரத்துக்கு வரும் என்று எந்த டைம் கீப்பர் நம்புவான்? இன்றைக்குப் பாருங்கள், தூங்குகிறாள்.

இதோ கண்ணாடி கடகடக்கும் பஸ்ஸும் போய்விட்டது. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

எனவே மாமா, என் கோரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆலோசகர் பதவியை உடனே எடுத்துவிட வேண்டும். அந்தச் சோபாவை உடைத்து அடுப்பெரிக்க வேண்டும். பிள்ளைகளை எழுப்புவது பெற்றவர்களின் பிறப்புரிமை என்று ஆட்சிக்குழு தீர்மானம் போட வேண்டும். ஒரு வருடம் போனால் எனக்கொன்றும் இல்லை, அவமானம் தாங்கிக்கொள்வேன். ஆனால் அவள் முகம் வாடி நிற்பதை நான் எப்படிப் பார்ப்பேன்? அன்றைக்குப் பூஜ்யம் வாங்கிவந்த நாளில் அவள் என்னிடம் ஒன்றும் சொல்லாமல், மேசைமுன் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பின்னால் நின்று செருமிக்கொண்டிருந்தேன். 

தெருமுனையில் பஸ் திரும்பும் சத்தம் கேட்கிறது. கடைசி பஸ். இனி என்னால் முடியாது மாமா. வாக்காவது ஒன்றாவது. உள்ளே போகிறேன், விசில் ஊதப் போகிறேன், என்ன ஆனாலும் ஆகட்டும். அக்காவுக்கு என் நமஸ்காரம். தங்கள் ஆசியும் ஆட்சிக்குழுவின் நடவடிக்கையும் ஒருங்கே வந்து சேர வேண்டும் என்று வேண்டி, அவசரமாக முடிக்கும்,

தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்.

பி.கு.: மேலே எழுதிய எதையும் தாங்கள் படிக்க வேண்டாம். படித்துவிட்டிருந்தால் மறந்துவிடவும். நடந்தது இது. நிலைப்படியைத் தாண்டி உள்ளே போய், கட்டிலருகே நின்று, மூச்சு முழுவதையும் சேர்த்து ஒரே ஒரு விசில் ஊதினேன். ஜன்னல் அதிர்ந்தது. எதிர்வீட்டில் ஏதோ பாத்திரம் விழுந்தது. வாலு அசையவில்லை. போர்வையை இழுத்தேன். உள்ளே தலையணைகள். ஒன்றன் கீழ் ஒன்றாக, நீளவாக்கில், பக்குவமாகப் படுக்கவைக்கப்பட்ட தலையணைகள். காலையிலிருந்து நான் காவல் காத்தது அவற்றைத்தான்.  அதற்குள் வெளியே ஒரு பெரிய பிரேக் சத்தம். ஒரு விசிலுக்கு நிற்பதுதானே வழக்கம்? ஓட்டுநர் நம் பழைய ஆள். நிறுத்தமே இல்லாத நம் வீட்டு வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டான். கதவு திறந்து ஒருத்தி இறங்கினாள். வெள்ளைக் கோட்டு கையில், தலை நன்றாக வாரியிருக்கிறது, கண் இரண்டும் பளிச்சென்று விழித்திருக்கின்றன. வாலு. அது கல்லூரிக்குப் போகும் கடைசி பஸ் இல்லை மாமா. கல்லூரியிலிருந்து திரும்பி வரும் மத்தியான பஸ். காலையில் போன அதே வண்டிகள்தான் அதே வரிசையில் திரும்பி வந்துகொண்டிருந்திருக்கின்றன. சூரியன் முந்திக்கொள்ளவில்லை. நான்தான் விடியற்காலையில் அந்த நாற்காலியிலேயே தூங்கிப் போயிருக்கிறேன்.

எங்கேடி போனாய் என்று கேட்டேன். பரீட்சைக்கு என்றாள். தலையணை எதற்கு என்று கேட்டேன். காலிப் படுக்கையைப் பார்த்தால் நான் ஆய்வுக்கூடத்து ஜன்னலுக்கே வந்து நின்றுவிடுவேனாம். அம்மாவும் பெண்ணும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். போகிற வழியில் என் மனைவியின் கைப்பைக்குள் மேசைக் கடிகாரம் அலறி, பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்திருக்கிறது. "இந்தத் தடவை நிறம் மாறினதைக் கண்ணால பாத்தேன்பா. ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை" என்றாள். துறைத் தலைவர் தலையசைத்தாராம். ஆலோசகர் அம்மாள் வராந்தாவில் நின்றிருந்தாராம், இவளைப் பார்த்ததும் மேலே போய்விட்டாராம்.

சரி, போகும்போது என்னை ஒரு வார்த்தை எழுப்பியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். வாலு என்னைப் பார்த்தாள். "சட்டைப் பையில இருக்கிற விசிலைப் பிடிச்சுக்கிட்டே தூங்கிட்டிருந்தீங்க. எழுப்ப மனசு வரலப்பா" என்றாள். போர்வையும் அவள் போட்டதுதான்.  கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்க ஜன்னல் பக்கம் போனேன். பஸ் இன்னும் வாசலில் நின்றுகொண்டிருந்தது, எனக்காகத்தான். இரண்டு விசில் ஊதினேன். கிளம்பிப் போய்விட்டது.

ஆலோசகர் பதவியில் யாரும் கைவைக்கக் கூடாது என்று எழுத்துமூலம் கேட்டுக்கொள்கிறேன். சோபாவுக்குப் புது உறை போடத் தாங்கள் சிபாரிசு செய்ய வேண்டும். தங்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பதை மறக்க வேண்டாம். விசிலை இந்த உறைக்குள்ளேயே வைத்து அனுப்புகிறேன். ஆட்சிக்குழுக் கூட்டங்களில் அக்கம்பக்கத்து உறுப்பினர்களுக்கு உதவும். முக்கியமாக ஒன்று. நாளைக் காலையில் போன் செய்துவிடாதீர்கள். நாங்கள் மூன்று பேரும் தூங்கிக்கொண்டிருப்போம்.